பத்து நல்ல உறுதியும் ஒரு கள்ள உறுதியும்

வருஷத்துக்கு இரண்டு தரமாவது அந்தத் தகவல் எங்கட போன்களுக்கு வந்து சேரும். சிலவேளை வட்ஸ்அப்பில், சிலவேளை ரிக்ரொக்கில் கம்பீரமான ஒரு குரலோடு. "கடலுக்கடியில் குமரிக்கண்டம்: விஞ்ஞானிகள் உறுதிப்படுத்தினர்!" என்பது தலைப்பு. கீழே இந்து சமுத்திரத்தின் படம். நடுவில் மடகஸ்காரையும் அவுஸ்திரேலியாவையும் தொட்டுக்கொண்டு பெரிய பச்சை நிலம். கடைசியில் "தமிழனாக இருந்தால் பகிரவும்" என்று ஒரு வரி. பகிராவிட்டால் நாங்கள் ஆர் என்பதை எங்கட யோசனைக்கே விட்டுவிடுவார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும். அதை முதலே சொல்லிவிடுகிறேன். நான் வடமராட்சியின் கிழக்குக் கரைப் பக்கம். 2004 மார்கழியில் கடல் வந்தபோது எனக்கு நடக்கப் பழகிய வயசு, ஒன்றும் நினைவில்லை. ஆனால் "கடல் கொண்டுபோட்டுது" என்று அம்மம்மா சொல்லும்போது அந்தச் சொல்லின் பாரம் தெரியும். கடல் ஊரை விழுங்கும் என்பது எங்களுக்குப் புராணம் மட்டுமில்லை. அதனால்தான் இந்தக் கதை எங்களுக்குள் இவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கதை மனசுக்குள் சுலபமாக இறங்குவது அது உண்மை என்பதற்குச் சான்றில்லை. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கத் தொடங்கியபிறகு இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கூற்று வந்தால் அதை நம்புவதா விடுவதா என்று உடனே முடிவெடுக்கத் தேவையில்லை. முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குமரிக்கண்டத் தகவலைப் பிரித்தால் உள்ளே நாலு கூற்றுகள் இருக்கின்றன. ஒன்று, பழந்தமிழ் நூல்கள் இதைச் சொல்கின்றன. இரண்டு, வெள்ளைக்கார விஞ்ஞானிகளும் லெமூரியா என்ற பெயரில் இதைச் சொன்னார்கள். மூன்று, அண்மையில் கடலுக்கடியில் கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலு, ஆகவே மனித இனமும் தமிழும் தொடங்கியது அங்கேதான். நாலையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். ஏதாவது ஒன்று கொஞ்சம் உறுதியாக இருந்தால் மற்ற மூன்றும் அதில் தொங்கிக்கொள்ளும். கயிற்றை அவிழ்த்துத் தனித்தனியாக நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் நூல்கள். மூன்று சங்கங்களைப் பற்றி விரிவாகச் சொல்வது இறையனார் அகப்பொருளுக்கு எழுதப்பட்ட உரை. அது கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் எழுந்தது என்பார்கள். முதற்சங்கம் 4,440 வருடம், இடைச்சங்கம் 3,700 வருடம், கடைச்சங்கம் 1,850 வருடம் இருந்தனவாம். இந்த மூன்று எண்களையும் கல்குலேட்டரில் 37ஆல் வகுத்துப் பாருங்கள். 120, 100, 50 என்று மீதியில்லாமல் வரும். உண்மையில் நடந்த காலங்கள் இவ்வளவு ஒழுங்காக வகுபடாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அமைத்த எண்களுக்குத்தான் இப்படி ஒரு வடிவம் இருக்கும்.

அடுத்தது சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார். பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையில் 700 காவதம் நிலம் இருந்தது, அதில் 49 நாடுகள் இருந்தன என்கிறார். ஒரு காவதத்தை அகராதி சொல்கிறபடி ஏறக்குறைய 10 மைல் என்று எடுத்தால் 7,000 மைல். கன்னியாகுமரியில் இருந்து நேரே தெற்கே 7,000 மைல் போனால் தென்துருவத்தையும் தாண்டிவிடுவோம்! காவதத்தின் அளவைக் குறைத்தால் கணக்குச் சரிவரும், ஆனால் கண்டமும் சுருங்கிவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்திருக்க ஏலாது.

எங்கட யாழ்ப்பாணத்துக்கு இன்னும் கிட்டிய ஒரு நூல் இருக்கிறது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எங்கட பண்பாட்டுக்கே "கந்தபுராண கலாசாரம்" என்று பெயர் வைத்தார். கச்சியப்ப சிவாசாரியாரின் அந்தக் கந்தபுராணத்தில் குமரிகண்டம் என்ற பெயர் வருகிறது. ஆனால் அங்கே அது கடலில் மூழ்கிய கண்டமில்லை. பரதன் பிரித்துக்கொடுத்த ஒன்பது பகுதிகளில் ஒன்று. பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துவிடக்கூடாது.

இதனால் இந்த நூல்கள் பொய் என்று ஆகிவிடாது. கடல் நிலத்தைக் கொண்ட நினைவு தமிழரிடம் நீண்டகாலம் இருந்தது என்பதற்கு அவை நல்ல சான்று. ஒரு கண்டமே மூழ்கியது என்பதற்குச் சான்றாக அவை போதாது. ஒரே ஆவணம் ஒரு கேள்விக்குப் பலமான சான்றாகவும் இன்னொரு கேள்விக்குப் பலவீனமான சான்றாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகஸ்காரின் பாலூட்டிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகஸ்காரில் லெமூர் வகைகள் நிறைய, ஆபிரிக்காவிலும் இந்தியப் பக்கத்திலும் அவற்றின் உறவுகள் கொஞ்சம். எங்கட காட்டில் இருக்கிற தேவாங்கும் அந்தத் தூரத்துச் சொந்தங்களில் ஒன்றுதான். இடையில் இவ்வளவு பெரிய கடல் இருக்க இது எப்படி? நடுவில் நிலம் இருந்து பிறகு மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். பெயர் லெமூரில் இருந்துதான் வந்தது, தமிழில் இருந்து இல்லை.

அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது மோசமான ஊகமில்லை. 1912இல் அல்பிரட் வெகெனர் கண்டங்களே நகர்கின்றன என்று சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1960களில் கடலடித் தரையை ஆராய்ந்து கிடைத்த சான்றுகளோடு தட்டுப் புவியோட்டுக் கொள்கை நிலைபெற்றது. அதோடு நடுவில் ஒரு கண்டத்தை மூழ்கடிக்க வேண்டிய தேவை போய்விட்டது. லெமூரின் மூதாதைகள் ஆபிரிக்காவில் இருந்து மிதந்துவந்த மரஞ்செடிக் கும்பல்களில் கடலைக் கடந்திருக்கலாம் என்பதுதான் இன்றைக்குப் பரவலான விளக்கம்.

ஆக, விஞ்ஞானிகள் லெமூரியாவைச் சொன்னது உண்மை, பிறகு அதைக் கைவிட்டதும் உண்மை. போர்வேர்ட் தகவலில் முதல் பாதி மட்டும் வரும். இந்தக் கருத்து எப்படித் தமிழுக்குள் வந்து குமரிக்கண்டமாக வளர்ந்தது என்பதை சுமதி ராமசாமி 2004இல் வெளிவந்த ஒரு முழுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எங்களைக் கேலி செய்யாமல், இழப்பு என்ற உணர்வு ஒரு சமூகத்துக்கு ஏன் தேவைப்படுகிறது என்று கேட்கிற புத்தகம் அது.

மூன்றாவது கூற்றுத்தான் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது, ஏனென்றால் அதில் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. மொரீசியஸ் தீவு எரிமலையால் உருவானது, வயசு 1 கோடி வருடத்துக்கும் குறைவு. ஆனால் அங்கே அதைவிட மிகப் பழைய சேர்க்கோன் மணிகள் கிடைத்தன. 2013இல் கடற்கரை மணலில் கிடைத்ததாக ஓர் ஆய்வு வந்தது. 2017இல் எரிமலைப் பாறைக்குள்ளேயே ஏறக்குறைய 300 கோடி வருடப் பழமையான மணிகள் இருப்பதாக இன்னொன்று வந்தது. தீவுக்கு அடியில் பழைய கண்டம் ஒன்றின் துண்டு கிடக்கிறது என்பது அதன் முடிவு. இந்தச் செய்தி வந்த உடனேயே "குமரிக்கண்டம் கண்டுபிடிப்பு" என்று தமிழில் சுற்றத் தொடங்கிவிட்டது.

ஆய்வு சரி, செய்தியும் சரி. ஆனால் காலத்தைப் பாருங்கள். இந்தியாவும் மடகஸ்காரும் பிரிந்தது ஏறக்குறைய 9 கோடி வருடங்களுக்கு முன்னர். அந்தத் துண்டு உடைந்ததும் அந்தக் காலத்துக் கதைதான். எங்களைப் போன்ற மனிதர் தோன்றி ஏறக்குறைய 3 இலட்சம் வருடம். அந்த 9 கோடியை ஒரு வருஷக் கலண்டராகச் சுருக்கினால், தைப்பொங்கல், சித்திரை வருஷம், நல்லூர்த் திருவிழா, தீபாவளி எல்லாம் முடிந்து, மார்கழி 30ஆம் திகதி இரவுதான் முதல் மனிதர் வருகிறார். சங்கம் வைக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

இந்த வகையை அடையாளம் காணப் பழகினால் பாதிப் போர்வேர்ட்டுகள் விழுந்துவிடும். ஆய்வு உண்மை, ஆனால் அது நிரூபித்தது ஒன்று, தலைப்புச் சொல்வது வேறொன்று.

அப்படியென்றால் கடல் நிலத்தைக் கொண்டதே இல்லையா? கொண்டது. ஏறக்குறைய 20,000 வருடங்களுக்கு முன்னர், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. பாக்குநீரிணை நிலமாக இருந்தது. இலங்கையும் இந்தியாவும் சேர்ந்திருந்தன. பிறகு கடல் ஏறியது. மன்னாரில் இருந்து நடந்துபோன ஆட்களின் பாதை தண்ணீருக்குள் போனது. இது புவியியல் சான்றோடு நிற்கிற உண்மை. ஆனால் கன்னியாகுமரிக்குத் தெற்கே கொஞ்சத் தூரம் போனால் கடலின் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். கடல் 120 மீற்றர் இறங்கினால் அங்கே ஒரு கண்டம் வெளியே தெரியாது. அடியில் இருக்கிற தரையும் கண்டப்பாறை இல்லை, பெரும்பாலும் எரிமலைக் குழம்பில் உருவான கடலடிப் பாறை. சுனாமியும் இதற்கு உதவாது. சுனாமி வந்து அழித்துவிட்டுத் திரும்பிப் போகும், நிலம் அந்த இடத்திலேயே இருக்கும். அதை எங்கட ஊர் ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒருநாள் எழுதினேன். கனடாவில் இருக்கிற பெரிய மாமா உடனே கோல் எடுத்தார்.

"பிள்ளை, நீ கம்பஸுக்குப் போனது எங்கட வரலாறு இல்லையெண்டு சொல்லப் படிக்கவோ?"

"இல்லை மாமா. எது இருக்கு எண்டு சொல்லப் படிக்கிறன்."

"அவங்கள் சிங்கத்துக்குப் பிறந்த கதையை வைச்சு நாட்டையே பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் ஒரு கண்டத்தைக் கேக்கக்கூடாதோ?"

எனக்கு அந்த இடத்தில் கதை வரவில்லை. மாமா சும்மா கத்துகிற ஆள் இல்லை. இரண்டு தரம் வீட்டை விட்டு ஓடி, மூன்றாவது தரம் நாட்டை விட்டுப் போனவர். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. விஜயன் கதையும் குமரிக்கண்டக் கதையும் சான்று என்ற அளவில் ஒரே தரமாக இருக்கலாம். ஆனால் ஒன்றுக்குப் பின்னால் பாடப்புத்தகமும் வர்த்தமானியும் திணைக்களமும் இருக்கின்றன. மற்றதற்குப் பின்னால் ஒரு வட்ஸ்அப் குழு மட்டும்தான். 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இரண்டு கதையும் செய்கிற சேதம் ஒன்றில்லை. அதை மறைத்துவிட்டு "எல்லாரும் ஒரே மாதிரித்தான்" என்று சொல்வதும் நேர்மையில்லை.

இருந்தும் நான் மாமாவோடு உடன்படவில்லை. காரணத்தைச் சொல்ல எங்கட ஊர் உதாரணம் ஒன்றே போதும். காணி வழக்கு. உங்களிடம் பத்து நல்ல உறுதிகள் இருக்கின்றன. வழக்குப் பலமாக இருக்கட்டும் என்று பதினோராவதாக ஒரு கள்ள உறுதியையும் சேர்த்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். மற்றப் பக்கத்து அப்புக்காத்து எதைத் தூக்கிப் பிடிப்பார்? அந்தக் கள்ள உறுதியைத்தான். அதைக் காட்டிக்கொண்டே மற்றப் பத்தையும் சந்தேகத்துக்குள் தள்ளிவிடுவார். பலமுள்ளவருக்கு உறுதி இல்லாவிட்டாலும் வேலி அடைக்க ஆள் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் இருக்கிற உறுதி மட்டும்தான் இருக்கிறது. அதில் கலப்படம் செய்ய எங்களுக்கு வசதியில்லை.

இது கற்பனை இல்லை. எங்கட பச்சில் மூன்று இனத்தவரும் இருக்கிறோம். ஒரு ரியூட்டோரியல் வகுப்பில் மகாவம்சம் பேசுபொருள். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த அதே நாளில் விஜயன் இலங்கையில் இறங்கினான் என்கிறது நூல். நாங்கள் கேட்டோம்: இது எழுதப்பட்டது கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில், சம்பவத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் பிறகு. எழுதியவர் ஒரு பிக்கு, அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. வேறு சுயாதீனமான சான்று எங்கே? எல்லாம் நல்ல கேள்விகள். ஒரு சிங்கள நண்பன் அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரி, இதே கேள்விகளை உங்கட பழைய கதைகளுக்கும் கேப்பீங்களா?" என்றான். குத்தலாகக் கேட்கவில்லை. கேட்போம் என்று சொல்லக்கூடியவருக்குத்தான் அந்த வகுப்பில் பேசுகிற உரிமை இருந்தது.

அந்த வகுப்பில் இன்னொன்றும் விளங்கியது. விமர்சனமாகப் பார்ப்பது என்றால் எல்லாவற்றையும் தூக்கி எறிவது இல்லை. மகாவம்சத்தில் விஜயன் கதை நிற்கவில்லை, ஆனால் தேவநம்பியதீசனின் காலத்து அசோகச் சக்கரவர்த்தி நிற்கிறார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்தபோது, கல்வெட்டுகளில் "பியதசி" என்று ஓர் அரசன் இருந்தான், யார் என்று தெரியவில்லை. இலங்கையில் சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் ரேணர் இங்குள்ள பாளி நூல்களை வைத்து அது அசோகன்தான் என்று காட்டினார். கல்லும் நூலும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது பலமான சான்று. சங்கப் பாடல்களும் அப்படித்தான். யவனர் கப்பலில் வந்து பொன் கொடுத்து மிளகு கொண்டுபோனதைப் பாட்டுச் சொல்கிறது, தமிழகத்து மண்ணில் றோம நாணயங்கள் கிடைக்கின்றன. கீழடியில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 அளவு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஒரு கண்டத்தையும் மூழ்கடிக்காமலே தமிழ் பழையதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி பேராசிரியர் கா. இந்திரபாலா. 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு, 10ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலத்துக்கு முன்னர் இலங்கையில் தமிழரின் பரவலான நிரந்தரக் குடியிருப்புகளுக்குச் சான்று போதாது என்ற திசையில் முடிந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழர் இங்கே பிந்தி வந்தவர்கள் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். எங்கட ஆட்களுக்கு அவரில் கோபமும் வந்தது. 1980இல், அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், ஆனைக்கோட்டையில் பெருங்கற்கால ஈமக்காட்டை அகழ்ந்தபோது ஒரு சின்ன மாக்கல் முத்திரை கிடைத்தது. மேலே குறியீடுகள், கீழே பிராமி எழுத்துகள். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. "கோவேத" என்றும் "கோவேந்த" என்றும் வாசித்திருக்கிறார்கள். இப்படிச் சான்றுகள் சேரச் சேர அவர் தன்ர முடிவுகளை மீளப் பார்த்தார். 2005இல் வந்த அவரது நூல் கி.மு. 300 தொடங்கி இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருவான வரலாற்றை எழுதியது. இந்தத் தீவின் ஆதிக்குடிகளே சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான மூதாதைகள் என்பதும் அதில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் முழுதாக இனிக்காத முடிவு.

சிங்களப் பக்கத்திலும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். பேராதனையின் லெஸ்லி குணவர்தன 1979இல் சிங்க வம்சம் பற்றி எழுதிய கட்டுரையில், சிங்களவர் என்ற அடையாளம் எக்காலமும் ஒரே பொருளில் இருந்ததில்லை, காலத்தோடு வளர்ந்து விரிந்தது என்று காட்டினார். அவருக்கும் சொந்தப் பக்கத்தில் இருந்தே எதிர்ப்பு வந்தது. தன் வீட்டுக் கதையைத் தராசில் வைத்தவர்கள் இவர்கள்.

ஆனைக்கோட்டை முத்திரைக்கும் அதே தராசுதான். சில எழுத்துகளை வைத்துக்கொண்டு அங்கே பேரரசு இருந்தது என்று சொல்ல ஏலாது. 2,200 வருடங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில், தென்னிந்தியாவோடு ஒத்த ஈம முறையில் இறந்தவரைப் புதைத்த மக்கள், எழுத்தையும் அறிந்திருந்தார்கள் என்று சொல்லலாம். கைக்குள் அடங்குகிற ஒரு கல் தாங்கக்கூடிய பாரம் அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுக்குள் அதை ஒருவராலும் அசைக்க ஏலாது.

மாமாவிடம் அடுத்த முறை இதைத்தான் சொன்னேன். "ஆனைக்கோட்டையோ? நாங்கள் சைக்கிளில போற பாதை எல்லே அது" என்றார். ஒப்புக்கொள்ளவில்லை, கோபிக்கவுமில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பாதையைப் பற்றிக் கதைத்தார். தன்ர காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதைச் சொல்லித் தரவில்லை என்றார். எங்களுக்கும் ஏ.எல். வரைக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

7,000 மைல் கற்பனை நிலத்தைப் பற்றி எங்கட பெடிபெட்டையளுக்கு எல்லாம் தெரிகிறது. யாழ்ப்பாண நகரத்தில் இருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் கிடைத்த முத்திரையைப் பற்றித் தெரியவில்லை. அடுத்த முறை அந்தப் பச்சைக் கண்டத்தின் படம் வந்தால் அனுப்பியவரோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆனைக்கோட்டையைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள். யாராவது "ஆதாரம் எங்கே?" என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது.